சக்கரம் வைத்த ஜாகை

ஐரோப்பியப் பனிக்கு அஞ்சி, வீட்டையே வாகனமாக்கி ஓட்டிவந்து, மாமல்லபுரத்துச் சவுக்கு நிழலில் மார்கழியைக் கழிக்கும் துரைமார்கள், 20 பாகை உஷ்ணத்தில் காதை மப்ளரால் மூடிக்கொண்டு, நடுங்கியவாறே பால் வாங்கப் போகும் நம்மவரை, அரைக்கால் சராயோடு மடக்கு நாற்காலியில் சாய்ந்தபடி அனுதாபத்துடன் நோக்குகிறார்கள். நம்மவரோ, வண்டிக்கும் மரத்துக்கும் இடையே கட்டிய கொடியில் காயும் உள்ளாடைகளைக் கண்ணால் அளந்துவிட்டு, "அட்வான்ஸ் எத்தனை மாசம் சார்?" என்று விசாரிக்கிறார். தலைவாசலை ராத்திரியோடு ராத்திரியாகச் செங்கற்பட்டுக்கே திருப்பிவிடக்கூடிய கிருகத்துக்கு வாஸ்து பார்ப்பதெப்படி என்பது அவருடைய அடுத்த சந்தேகம்.

சற்றுத் தெற்கே, ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் ஒற்றைக் கல்லில் செதுக்கிய பஞ்ச ரதங்கள், ரதமென்ற நாமதேயம் பெற்றும் ஓர் அங்குலம் நகராமல் நிற்கின்றன. அவற்றில் திரௌபதியுடையது அசல் கூரைக் குடிசை. பார்வையிட நம்மவருக்கு 40 ரூபாய், துரைக்கு 600. குடியிருக்க இருவருக்கும் அனுமதியில்லை.