வடம்வலிக்கு ஜப்பான் பாட்டு

செண்டாய்,
கர்க்கிடகம் கடைசி

அளியா,

ஓணத்துக்கு நம்ம கிளப்பு வடம்வலி டீம் மைதானத்துல எறங்கும்போ போடுறதுக்கு ஜப்பான் பாட்டு வேணும்னு எழுதியிருந்தே. பாறசாலையில சிங்காரி மேளத்துக்கு அப்படி என்ன பஞ்சம் வந்துட்டு? ஆனாலும் கேக்கவேண்டிய ஆளைத்தான் கேட்டிருக்க. இங்க பேஸ்பால் ஆடுறவன் மட்டையைத் தூக்கிட்டு வந்தாலே அவனுக்குன்னு ஒரு பாட்டு உண்டு, கேட்டியா. பந்து போடுறவனுக்கும் உண்டு.

இந்த ஊரு டீம் ரகுட்டென்ல மசஹிரோ தனகான்னு ஒருத்தன் இருந்தான். 2013 லீக்ல 24 ஆட்டம் ஜெயிச்சான், ஒண்ணுகூடத் தோக்கல. இறுதித் தொடர்ல, நவம்பர் 2ஆம் தேதி, 160 பந்து போட்டுத் தோத்தான். கை ஓய்ஞ்சு கிடக்கவேண்டியவன், மறுநாளே கடைசி ஆட்டத்தோட கடைசி இன்னிங்ஸுக்கு எறங்கினான். ஃபங்கி மங்கி பேபிஸ் குழுவோட ‘அத்தோ ஹிதோத்சு’ பாட்டு ஒலிக்குது, கொட்டுற மழையில அரங்கம் முழுக்க நிண்ணு பாடுது. 3-0, முதல் கோப்பை! இங்க சுனாமி அடிச்சு ரெண்டரை வருஷம்தான் ஆகியிருந்துது. எங்க மேஸ்திரி இதைச் சொல்லும்போ சோறு தின்னுறதை நிறுத்திடுவாரு. பிறகு மொமோய்ரோ குளோவர்னு ஒரு பெண்கள் குழு தனகாவுக்குன்னே வரவுப் பாட்டு செய்து குடுத்துதாம்.

விடுவேனா நான்? ‘எங்க ரஜினி எறங்கணும்னா எஸ்.பி.பி. பாடணும், தெரியுமா?’ன்னேன். மேஸ்திரி ‘முத்து!’ன்னு கத்திட்டாரு. 1998ல டோக்கியோவில மாசக்கணக்கா ஓடின படம்லா. அந்தக் கதையே எங்க மோகன்லாலோட ‘தேன்மாவின் கொம்பத்து’தான்னு அதையும் சேத்து அளந்தேன். 1956ல மாநிலம் பிரிச்சு கோடு போட்டு நம்மளைக் கேரளாப் பக்கம் விட்டது இதுக்காவது உதவிச்சு.

ஆனா கூச்சலுக்கு இவனுவ வச்சிருக்க சட்டம் இருக்கே! நம்ம டீம் மட்டை பிடிச்சா கொட்டு, குழல், பாட்டு எல்லாம் உண்டு. எதிராளி மட்டை பிடிச்சா நம்ம கூட்டம் வாயை மூடி உக்காந்துரும். அது அவனுவ முறை. கொட்டு அடிக்கிறவன் முன்கூட்டியே அனுமதி வாங்கணும். அன்னைக்கு எதிராளி முறையில நான் எழும்பி நிண்ணு கூவிட்டேன். முன்னால இருந்த பாட்டி திரும்பி, தலை குனிஞ்சு, என்கிட்ட மன்னிப்புக் கேட்டா!

இதை நம்ம வடம்வலிக்கு வச்சுப் பாரு. ரெண்டு பக்கமும் ஒரே நேரம்லா வலிக்கும்? யாரு முறைன்னு யாரு சொல்லுவா? நெய்யாற்றின்கரை தாலூக்காபீசுல மனு குடுக்கணும். மறு ஓணத்துக்குத்தான் பதில் வரும். அதுவரைக்கும் ரெண்டு டீமும் வடத்தைப் பிடிச்சிட்டு நிக்கணும். தீர்ந்ததும் இவனுவளை மாதிரி குப்பையைப் பொறுக்கிட்டு வீட்டுக்குப் போகணும்.

ஊர்ல இருக்கும்போ உதியன்குளங்கரை முக்குல கட்டின ஸ்பீக்கரைத் திட்டினவன் நான்தான். இப்போ ராத்திரி போன்ல மேளம் போட்டா, காலையில கதவுக்கடியில சீட்டு கிடக்குது. ரொம்ப மரியாதையான சீட்டு. சண்டைக்குக்கூட ஆள் வரமாட்டேங்குது அளியா.

பாட்டை போன்ல அனுப்பியிருக்கேன். வலிக்கிறதை வீடியோ எடுத்தா சத்தத்தை வெட்டாதே. பரிசு ஏத்தக்குலையை ஜெயிச்சா ஒரு சீப்பை உப்பேரி வறுத்து அனுப்பச் சொல்லு தங்கச்சிகிட்ட. தோத்தா பாட்டைக் குறை சொல்லாதே; வலிக்கிறது நீங்க.

உன்
அளியன்