அதுவும் கண்மாய்தாம்டா பேராண்டி

சிங்கப்பூர் போய் எறங்குன மறுநாளே அந்தச் சிங்கச் செலைக்குக் கீழ நின்னு, வாயைப் பொளந்துக்கிட்டு, அது துப்புற தண்ணி நேரா உன் வாயில விழுற மாதிரி படம் எடுத்து அனுப்பிட்ட. தெருவே பாத்துச்சு. உலகத்துல எந்த மூலையிலேர்ந்து வந்தவனும் அந்த எடத்துல அப்படித்தான் வாயைப் பொளக்கிறான். போகட்டும், நம்ம சின்னமனூர் வாயும் ஒண்ணு அதுல சேந்துருச்சேன்னு சந்தோசப்பட்டுக்கிட்டேன்.

நான் பாக்காத ஊருன்னு நெனைச்சிராத. உன் சித்தப்பன் அங்க இருந்தப்ப உன் அப்பத்தாளைக் கூட்டிட்டுப் போய்த் தங்கிட்டு வந்தவன் நான். அந்த ரோசத்துல நாலு வார்த்தை சொல்றேன். தாயி, அவனைக் கட்டுன நீயும் கேட்டுக்க. அவன் காதுல ஏறாது; உன் காதுல ஏறுனாத்தான் வீட்டுல நடக்கும்.

மொத சங்கதி வெத்தலை. லிட்டில் இந்தியாவுல வெத்தலை தாராளமாக் கெடைக்கும், துப்பத்தான் எடம் கெடைக்காது. துப்புனா அபராதம். ஒரு மத்தியானம் பூரா வாயில அடக்கிக்கிட்டு ஊமையாத் திரிஞ்சேன். அந்த ஊரு மாதிரி வருமான்னு உன் அப்பத்தா இன்னைக்கும் மெச்சிக்கிட்டுக் கெடக்கா.

சாப்பாட்டுக் கடையில காலியான மேசையில ஒரு டிஷ்யூ பொட்டலம் கெடந்தா குப்பைன்னு தள்ளிவிட்டு உக்காந்துராத. நாம பஸ்ஸுல ஜன்னல் வழியாத் துண்டு போடுறோமில்ல, அவன் டிஷ்யூ போட்டுருக்கான். தின்ன தட்டையும் நீயேதான் எடுத்துக் கொண்டுபோய் வைக்கணும். 2021லேர்ந்து வைக்காமப் போனா அபராதம் வரைக்கும் போகும். தாயி, இந்தப் பழக்கத்தை ஊருக்கு வந்தப்பறமும் விடமாட்டேன்னு அவன்கிட்ட இப்பவே எழுதி வாங்கிக்க. ரெண்டு மாசம் போனா கையெழுத்துப் போட மாட்டான்.

57 மாடியில மேல கப்பலைத் தூக்கி வச்ச மாதிரி ஒரு ஓட்டல் நிக்கிதே, அண்ணாந்து பாக்கக் காசு கிடையாது. ராத்திரி தண்ணியில வெளக்குக் கூத்து காட்டுறதும் ஓசிதான். பக்கத்துலயே சூதாட்ட மடம் இருக்கு. உள்ளூர்க்காரன் ஒரு நாளைக்கு உள்ள போகணும்னா 150 வெள்ளி கட்டணும். உன்னை மாதிரி வெளியூர்க்காரன் பாஸ்போர்ட்டைக் காட்டிட்டுச் சும்மாவே போகலாம். தன் சனம் வந்துரக் கூடாதுன்னு வேலி போட்டுட்டு உனக்கு மட்டும் கதவைத் தொறந்து வச்சிருக்கான்னா, எவன் மடியை நம்பின்னு யோசிச்சுக்க.

இப்ப விசயத்துக்கு வர்றேன். "கடலோரத்தில் நாங்கள்"னு ஸ்டேட்டஸ் போட்டிருக்கியே, மெரினா பே, அது கடலே இல்லடா. ஒரு காலத்துல கடல்தான். 2008ல வாய்க்குக் குறுக்க 350 மீட்டர் நீளத்துக்கு அணையைப் போட்டு, ஒம்பது மதகு வச்சு, கடலை அங்கிட்டே நிறுத்திட்டான். மழை பேயப் பேய உப்பு கழிஞ்சு ரெண்டே வருசத்துல நல்ல தண்ணி ஆயிருச்சு. அந்த நாட்டு நெலத்துல ஆறுல ஒரு பங்கு மேல விழுற மழை அங்கதான் வந்து தேங்குது. கடல் ஏத்தமா இருக்கையில பெருமழை வந்தா மதகைத் தொறக்க முடியாதுன்னு, எறைச்சு விட ஏழு ராட்சசப் பம்பு வேற. நம்ம கணக்குல அது கண்மாய். இங்க கண்மாய்க் கரைக்குக் கூப்பிட்டா சேறுன்னு மூஞ்சியச் சுழிச்சவன், அங்க வானத்துல பறந்து போய்க் கண்மாய்க் கரையில கை கோத்து நிக்கிற.

அதுல வந்து விழுற ஆறும் ஒரு காலத்துல கூவமாத்தான் கெடந்துச்சு. 1977ல ஆரம்பிச்சு 1987 வரைக்கும் பத்து வருசம் கழுவுனாக. ஆத்தங்கரைப் பன்னிப் பண்ணை, படகுப் பட்டறை எல்லாத்தையும் வேற எடத்துக்கு நகத்துனாக. நம்ம முல்லையாத்துல வீட்டுக் குப்பையைப் பையில முடிஞ்சு, யாரும் பாக்குறாகளான்னு ரெண்டு பக்கமும் பாத்துட்டு எறிஞ்ச கை எந்தக் கைன்னு நான் சொல்லலை. தாயி முன்னால மானம் போகக் கூடாதில்ல.

இன்னும் இருக்கு. அவன் குடிக்கிறதுல ஒரு பெரும்பங்கு பக்கத்து வீட்டுத் தண்ணி. மலேசியாவுல ஜோகூர் ஆத்துலேர்ந்து குழாயில வருது. 1962ல எழுதுன ஒப்பந்தம், 2061 வரைக்கும் செல்லும். ஆயிரம் கேலனுக்கு மலேசியக் காசுல மூணு காசு. இது என்ன வெலைன்னு அங்கிட்டு அப்பப்ப முணுமுணுப்பாக. எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? 1886ல திருவிதாங்கூர் மகாராசாகிட்ட வெள்ளைக்காரன் 8,000 ஏக்கரை, ஏக்கருக்கு அஞ்சு ரூவாய்க்கு, 999 வருசக் குத்தகை எழுதி, 1895ல பென்னிகுயிக் பெரியாத்து அணையை முடிச்சு, மலையைக் கொடைஞ்சு தண்ணிய இங்கிட்டுத் திருப்பலைன்னா, இந்தப் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோகம் ஏது? நெல்லு வித்து உன் மாமனார் போட்ட அந்த நகை ஏது?

ஆனா ஒப்பந்தம் முடியிற வருசத்தை அவன் இப்பவே எண்ணிக்கிட்டு இருக்கான். கடல் தண்ணியில உப்பை நீக்கி நல்ல தண்ணி ஆக்குறான். சாக்கடைத் தண்ணியச் சுத்தம் பண்ணி, 2003லேர்ந்து நியூவாட்டர்னு பேரு வச்சு ஆலைக்கு அனுப்புறான். கொஞ்சத்தை அணையில கலந்து குடிக்கவும் செய்யிறான். நமக்கென்னடா அவசரம்? 999 வருசத்துல இன்னும் எம்புட்டோ பாக்கி கெடக்கு. மெதுவாப் பாத்துக்கலாம்.

அது சரி, இந்தப் பொண்ணுக்குப் பெரியாத்துத் தண்ணி நம்ம பக்கம் எங்க எறங்குதுன்னு என்னைக்காச்சும் காட்டியிருக்கியா? நீயே பாத்திருக்க மாட்ட. அணையில தண்ணி இருந்தா ஜூன் 1ல மொத போகத்துக்குத் தொறப்பாக. அதுக்கு லீவு போட்டு வாங்க. லோயர்கேம்ப்ல பென்னிகுயிக் மணிமண்டபத்து வாசல்ல நிக்கிறேன். அங்க எவ்வளவு வேணும்னாலும் படம் எடுத்துக்க, வாயை மட்டும் பொளக்காத.

வரும்போது கோடாலித் தைலம் நாலு பாட்டில் வாங்கிட்டு வா. மூணை அப்பத்தா கையில குடு. ஒண்ணை எங்கிட்டத் தனியாக் குடு, அவளுக்குத் தெரியாம.