நெய்தலும் நள்ளிரவுச் சூரியனும்

கேள்வி: நார்வே கடற்கரையோரம் கப்பலில் போகிறவர்களுக்கு, அத்தனை அழகு கண்முன் இருந்தும் வீட்டு நினைப்பு வாட்டுவது ஏன்?

பதில்: அந்தக் கப்பல் தடமே பிரிவுக்கு மருந்தாகப் பிறந்ததுதான். முன்பெல்லாம் துரோன்ட்ஹைமில் போட்ட கடிதம் வடக்கே ஹாமர்ஃபெஸ்ட் போய்ச் சேரக் கோடையில் மூன்று வாரம், குளிர்காலத்தில் ஐந்து மாதம்கூட ஆனது. ஊடலில் எழுதிய கடிதம், தொட்டில் கட்டும் நேரத்தில் வந்து நின்றிருக்கும்! 1893 ஜூலையில் ரிச்சர்ட் வித் என்ற கேப்டன் 'வெஸ்டெரோலன்' நீராவிக் கப்பலைக் கிளப்பி, அந்தக் காத்திருப்பைச் சில நாள்களாகச் சுருக்கினார். இன்று பெர்கனிலிருந்து ரஷ்ய எல்லையருகே உள்ள கிர்கெனெஸ் வரை 34 துறைமுகங்கள். போய்த் திரும்ப 12 நாள்.

கடலோரத்துக்கும் ஏக்கத்துக்கும் உள்ள உறவைத் தமிழ் இலக்கணம் என்றோ எழுதிவைத்துவிட்டது: நெய்தலின் உரிப்பொருள் இரங்கல், அதற்குரிய பொழுது சூரியன் சாயும் எற்பாடு. இலக்கணத்துக்குச் சோதனை நார்வேயில்தான். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே கோடையில் பல வாரம் சூரியன் மறைவதே இல்லை. ஏங்குவதற்கு மாலை வேண்டுமென்றால் அந்த வாரங்கள் கழியும்வரை பொறுக்க வேண்டும். குளிர்காலத்திலோ பகல் முழுக்க எற்பாடுதான்.

தொலைபேசியும் பெரிதாக உதவாது. கோடையில் நார்வே இந்தியாவுக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். மேல்தளத்தில் இரவு 9 மணி வெயில் காயும்போது சென்னையில் நள்ளிரவு 12.30. அந்நேரத்தில் அழைத்தால், எடுப்பவர் குரலில் கேட்பது ஏக்கமல்ல, கொட்டாவி.