எட்டாவது குடும்பம்

புனேயில் கோயிலுக்குப் பஞ்சம் வந்ததால்தான் நாங்கள் கோயில் ஆரம்பித்தோம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கேம்ப் பகுதியில் இருக்கிற செயின்ட் மேரீஸ் ஆலயத்தை 1825-இல் பிஷப் ஹீபரே வந்து பிரதிஷ்டை செய்திருக்கிறார். (அடுத்த வருஷமே திருச்சிக்கு வந்தவர், குளிக்க இறங்கிய இடத்திலேயே காலமாகி, கடைசியில் ஒரு காலேஜுக்குப் பெயராகிவிட்டார்.) கட்கி பக்கம் பட்டாளத்து வேலைக்கு வந்து தலைமுறை தலைமுறையாக வேரூன்றிவிட்ட தமிழர்களும் இருக்கிறார்கள். தமிழ் ஆராதனையும் உண்டு.

போனோம். அன்பாகத்தான் வரவேற்றார்கள். ஆனால் பாடகர் குழுவில் இடமில்லை, கமிட்டியில் இடமில்லை, காணிக்கைப் பை பிடிக்கக்கூட ஏற்கெனவே ஆள் இருந்தது. சும்மா உட்கார்ந்து ஆண்டவரைத் தொழுவதைத் தவிர எங்களுக்கு வேறு வேலையே இல்லை. திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் இதை எத்தனை நாள்தான் தாங்குவார்கள்?

அப்படித்தான் ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டு வாக்கட் பக்கம் குடியிருந்த ஏழு குடும்பங்கள் ஒன்றுகூடி ஒரு சபை தொடங்குவது என்று முடிவானது. முடிவு செய்தது ஆண்கள். முடிவு செய்த இடம் எங்கள் வீட்டு பால்கனி. டீ போட்டது நான்.

புது ஊரில் சபை வைப்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புதிது அல்ல. 1903-இல் திருநெல்வேலியில் மிஷனெரி சங்கம் ஒன்றைத் தொடங்கி, ஊர்க்காசில் தெலுங்குச் சீமையின் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியவர்கள் நாங்கள். அந்தச் சங்கத்தை முன்நின்று தொடங்கிய வெள்ளாளன்விளை அசரியாதான் பிறகு அங்கேயே பிஷப்பும் ஆனார். இதையெல்லாம் பால்கனியில் எடுத்துச் சொன்ன அண்ணாச்சி, அசரியா மொழி தெரியாத ஊரில் வேற்று மனிதர்களைத் தேடிப் போனார், நாமோ மராட்டியரில் ஒருவரைக்கூடத் தேடாமல் நமக்கு நாமே சபை வைக்கிறோம் என்பதைச் சொல்லவில்லை. டீக் கோப்பைகளை எடுக்க வந்த நான் சொன்னேன். கோப்பைகளை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள்.

ஏழு குடும்பமும் தென்னிந்தியத் திருச்சபைதானே, அதாவது சி.எஸ்.ஐ.தானே, இதில் என்ன சிக்கல் வரும் என்று வெளியாட்கள் கேட்பார்கள். நான் நாசரேத்து, எஸ்.பி.ஜி. மிஷன் வளர்த்த ஆங்கிலிக்கன் வம்சம். என் வீட்டுக்காரர் நாகர்கோவில். 1806-இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபேயைத் தன் சொந்தப் பெரியப்பா மாதிரி பேசும் லண்டன் மிஷன் பரம்பரை. ஒரு குடும்பம் மதுரை, அமெரிக்கன் மிஷன். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் சி.எஸ்.ஐ.யே இல்லை, லுத்தரன் என்பது பிறகுதான் தெரியவந்தது. இந்த மிஷன்களின் சபைகளை ஒன்றாக்க 1919-இல் தரங்கம்பாடியில் பேச ஆரம்பித்தார்கள். சி.எஸ்.ஐ. என்று பேசி முடிந்தது 1947 செப்டம்பர் 27-இல். அசரியா அதைப் பார்க்காமலே 1945-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். லுத்தரன்கள் கடைசிவரை சேரவே இல்லை. பெரிய மனுஷர்களுக்கு இருபத்தெட்டு வருஷம் பிடித்த காரியத்தை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பஜ்ஜி தீர்வதற்குள் முடித்துவிடலாம் என்று எங்கள் ஆண்கள் நம்பினார்கள்.

முதல் சண்டை, திருவிருந்தை மண்டியிட்டு வாங்குவதா, உட்கார்ந்து வாங்குவதா என்பது. தன் தாத்தா காலத்தில் பெஞ்சில் உட்கார்ந்தபடிதான் வாங்கினார்கள் என்பது என் வீட்டுக்காரர் கட்சி. எங்கள் ஆச்சி உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் அவர் தொடையிலேயே கிள்ளியிருப்பாள். பத்து நாள் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு இது ஒன்றுதான்.

தீர்த்துவைத்தது கட்டடம். நாங்கள் வாடகைக்குப் பிடித்தது ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு கோச்சிங் கிளாஸ். ஒரே ஹாலில் எவ்வளவு பிள்ளைகளை அடைக்கலாம் என்று கணக்குப் போட்டு, தரையோடு ஆணியடித்து வைத்த பெஞ்சுகள். மண்டியிட ஒரு சாண் இடமில்லை. மிஷனெரிகளால் முடியாததை ஒரு தச்சர் முடித்துவைத்தார். எங்கள் மதத்தில் தச்சர்களை லேசாக நினைக்கக் கூடாது.

அந்த ஹாலுக்கு இன்னொரு மகிமையும் உண்டு. பத்து மணிக்கு அங்கே மாதிரித் தேர்வு. ஒன்பதே முக்காலுக்கே பிள்ளைகள் கால்குலேட்டர்போல முகத்தை வைத்துக்கொண்டு வாசலில் வரிசை கட்டி நிற்கும். ஊரில் முக்கால் மணி நேரம் பிரசங்கம் பண்ணிப் பழகிய அண்ணாச்சிகள், அந்த வரிசையைப் பார்த்ததும் நோவாவிலிருந்து நேரே ஆசீர்வாதத்துக்குத் தாவினார்கள். எந்தப் பிஷப்பாலும் செய்ய முடியாத சீர்திருத்தம் இது. பலகையில் மட்டும் முந்தின நாள் எழுதிய சைன், காஸ் சூத்திரங்கள் அழிக்கப்படாமல் இருக்கும். அழிக்கக் கூடாது என்பது வாடகை ஒப்பந்தம். பரிசுத்த திரித்துவத்தைப் பற்றிப் பிரசங்கம் நடந்த ஞாயிற்றுக்கிழமை, பின்னால் இருந்த முக்கோணப் படத்தைப் பிரசங்கியார் தாமாகவே பயன்படுத்திக்கொண்டார்.

பாட்டு விஷயத்தில் எந்தத் தச்சரும் கைகொடுக்கவில்லை. பாமாலைப் புத்தகம் எல்லாருக்கும் ஒன்றுதான், வார்த்தையும் ஒன்றுதான். ஆனால் அவரவர் ஊர் ராகம் அவரவருக்கு. நாகர்கோவில் குடும்பம் ஒரு சரணத்தை இழுத்து முடிப்பதற்குள் நாசரேத்து அடுத்த சரணத்தில் பாதி போயிருக்கும். கீபோர்டு வாசித்த பையன் யூடியூபில் கற்றவன். அவனுக்கு எந்த ஊரும் இல்லை. ஆகவே எங்கள் சபையில் ஒரு பாட்டுக்கு மூன்று ஆமென்.

ஐயர் இல்லாதது அடுத்த பிரச்சினை. ஜெபம், பாட்டு, பிரசங்கம் எல்லாம் நாமே நடத்திக்கொள்ளலாம். திருவிருந்துக்கு மட்டும் குருப்பட்டம் பெற்றவர் வேண்டும். புனே சி.எஸ்.ஐ. எல்லைக்கு வெளியே, வட இந்தியத் திருச்சபையின் பகுதி. அங்கிருந்து மாதம் ஒரு முறை ஒரு மராட்டி ஐயர் வந்து இங்கிலீஷில் நடத்தினார். நாங்கள் தமிழில் பதில் சொன்னோம். ஒன்றும் புரியாமல் புன்னகையோடு உட்கார்ந்திருக்கும் அவரை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. எந்தக் கட்சியிலும் சேராத ஒரே ஆள் அவர்தான்.

சபையைப் பதிவு செய்யலாம் என்று போனபோது ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. ஆண்டவர் வருவதற்கு இரண்டு மூன்று பேர் கூடினால் போதும். 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம் வருவதற்கு ஏழு பேர் வேண்டும். சரியாக ஏழு குடும்பம் இருந்ததை அண்ணாச்சி தேவ சித்தம் என்றார். ஏழு பேருக்கும் ஏழு பதவி: தலைவர், செயலர், பொருளாளர், பாடகர் குழுத் தலைவர், ஓய்வுநாள் பள்ளி மேற்பார்வையாளர், பெண்கள் ஐக்கிய சங்கம் (நான்), கட்டட நிதி கன்வீனர். கட்டடமும் கிடையாது, நிதியும் கிடையாது. கன்வீனர் மட்டும் சுறுசுறுப்பாக இருந்தார்.

அறுப்பின் பண்டிகை வந்தது. ஊரில் என்றால் வாழைத்தார், கருப்பட்டி, கால் கட்டின சேவல் என்று வந்து குவியும். இங்கே யார் எதை விதைத்தார்கள், எதை அறுப்பது? சூப்பர் மார்க்கெட் ஸ்டிக்கர் ஒட்டிய பூசணிக்காய் வந்தது. பார்கோடோடு அன்னாசி வந்தது. ஒரு தம்பி, தன் நிலத்தில் விளைந்தது இதுதான் என்று பழைய கம்ப்யூட்டர் மவுஸ் ஒன்றைக் காணிக்கைத் தட்டில் வைத்தான். ஏலம் மட்டும் அசல் திருநெல்வேலி. ஒரு தரம், ரெண்டு தரம் என்று ஒற்றை முட்டை ஆயிரத்து நூறு ரூபாய்க்குப் போனது, அதுவும் நாகர்கோவில் கேட்டதால் நாசரேத்து விடவில்லை. அதாவது என் வீட்டுக்காரர் கேட்டார், நான் ஏற்றினேன். எந்தப் பையிலிருந்து எடுத்தாலும் ஒரே அக்கவுன்ட் என்பது அன்று இரவுதான் இருவருக்கும் உறைத்தது.

பிறகுதான் எட்டாவது குடும்பம் வந்தது. சென்னையிலிருந்து மாறி வந்த ஒரு மனுஷன், மனைவி, கைக்குழந்தை. அவர்கள் உள்ளே நுழைந்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது, அதுவரை எங்கள் சபையில் சபையார் என்று யாரும் இருந்ததில்லை. எல்லாரும் பாடகர் குழுவில் நின்று காலி பெஞ்சுகளைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தோம். இப்போது கேட்க ஆள் கிடைத்தது. காணிக்கைப் பையை நீட்ட ஒரு கை கிடைத்தது. அன்றைய பிரசங்கியார் “பிரியமானவர்களே” என்று அழைத்தபோது குரல் தழுதழுத்தது.

அந்த வாரம் ஏழு பொறுப்பாளர்களும் தனித்தனியே அவர் வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணினார்கள். எந்தக் குழுவில் சேருகிறீர்கள் தம்பி என்று ஏழு பேரும் கேட்டார்கள்.

“ஒண்ணும் வேண்டாங்க அண்ணாச்சி. சும்மா வந்து உட்கார்ந்து ஜெபம் பண்ணிட்டுப் போறேன்.”

கமிட்டி அவசரமாகக் கூடியது. இந்த மாதிரி ஆளை வைத்துக்கொண்டு சபை எப்படி வளரும் என்று கவலைப்பட்டார்கள். விசாரித்ததில் அவர் கணக்காளர் என்று தெரிந்தது. அடுத்த மாதமே அவரைத் தணிக்கையாளர் ஆக்கினார்கள்; போதாதென்று, குரலும் கட்டை என்பதால், பாடகர் குழுவில் பேஸ் பாட நிறுத்திவிட்டார்கள்.

பெஞ்சுகள் மறுபடி காலி. வாக்கட் பக்கம் யாராவது வீடு மாறி வருவதாக இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். எந்த மிஷனாக இருந்தாலும் பரவாயில்லை. பாடத் தெரியக் கூடாது, கணக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.