மேற்கு பார்த்த வங்கக்கடல்

கடலோரக் காதல் நாவல் எழுதுகிறவரை அடையாளம் காண்பது சுலபம். அவர் கடலோரத்தில் இருக்க மாட்டார்.

எங்கள் ஆள் இருப்பது சேலத்தில். பகலெல்லாம் ஒரு கூட்டுறவு சங்கத்தில் வட்டிக் கணக்கு. இரவானால் மொட்டைமாடியில் கொசுவத்தியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு அலையோசை. மாதம் ஒரு நாவல், நாவலுக்கு ஒரு சின்னக் கடற்கரை ஊர். இதுவரை அவர் உண்டாக்கிய ஊர்களை வரிசையாக நிறுத்தினால் பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் நிஜ ஊர்களுக்கு இடம் இருக்காது. அவருக்குப் புரூஃப் பார்க்கிற பாக்கியம் எனக்கு.

ஊருக்குப் பெயர் வைப்பதில் அவருக்குக் கறாரான கொள்கை உண்டு. 'குப்பம்' கூடாது, காதல் வராது. 'பட்டினம்' வேண்டும், முன்னால் முத்தோ பவளமோ சங்கோ ஒட்ட வேண்டும். இப்படிப் பிறந்ததுதான் வெண்சங்குப்பட்டினம். அங்கே குடியிருப்பவர்கள் கதாநாயகி, கதாநாயகன், ஒரு பாட்டி, யார் யாரை விரும்புகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு டீக்கடைக்காரர். ஒரு கலங்கரை விளக்கமும் உண்டு. அதற்கு டிக்கெட் கிடையாது, காவலாளி கிடையாது, மூடும் நேரமும் கிடையாது. மீனவர்களும் இருக்கிறார்கள், தூரத்தில், புள்ளியாக. ஆனால் ஊரில் எங்கேயும் கருவாடு காயாது.

கதாநாயகன் லண்டன் வேலையை உதறிவிட்டு வந்து விசைப்படகு ஓட்டுகிறவன். விடிய விடிய மீன் பிடித்துவிட்டுக் கரையேறுவான், மேலே சந்தன வாசனை வீசும். மே மாதக் கடைசியில், மனம் உடைந்து, ஒரே ஒரு பெட்டியோடு பாட்டி வீட்டுக்கு வந்து இறங்கும் கதாநாயகி அந்த வாசனையில்தான் விழுவாள்.

'கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது' என்று புரூஃபின் ஓரத்தில் எழுதி அனுப்பினேன். "தடையா? பிரமாதம்! காதலுக்கும் தடைன்னு ஒரு அத்தியாயம் சேத்துக்கலாம்" என்று சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டார். படகு மட்டும் நிற்கவில்லை.

இன்னொரு நாவலில் திடீர் மழை. இருவரையும் ஒரு கட்டுமரத்துக்குள்ளே ஒதுங்க வைத்துவிட்டார். கட்டுமரத்துக்கு 'உள்ளே' என்று ஒன்று கிடையாது. மரங்களைக் கயிறு போட்டுச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள், கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப் போடுவார்கள். மழைக்கு ஒதுங்குகிறவர் அதன்மேல் உட்கார்ந்து நிதானமாக நனையலாம், அவ்வளவுதான். அதைச் சொன்னபோது, "நனைஞ்சா இன்னும் நல்லது" என்றார்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் தொல்காப்பியரை இழுத்தேன். "குறிஞ்சிக்குத்தான் கூடல். நெய்தலுக்கு இரங்கல். கடற்கரைன்னா கடலுக்குப் போனவன் வரலையேன்னு காத்துக்கிட்டு ஏங்கணும் சார். உங்க ஊர்ல எல்லாரும் ஐஸ்கிரீம் சாப்பிடுறாங்க."

"நெய்தலுக்குப் பொழுது?" என்றார்.

"எற்பாடு. சூரியன் சாயுற நேரம்."

"அப்ப நான் சரிதான். என் கடைசி அத்தியாயம் எல்லாமே எற்பாடு!"

அங்கேதான் வினையே. அவருடைய நாவல்கள் அத்தனையும் ஒரே மாதிரி முடியும். வங்கக்கடலில் சூரியன் மெல்ல இறங்கி, தண்ணீரைத் தொட்டு, கரைந்து போகும். அந்த ஆரஞ்சு வெளிச்சத்தில் இருவரும் கைகோத்து நடப்பார்கள். நானும் பிறந்ததிலிருந்து சேலத்துக்காரன்தான். பன்னிரண்டு நாவல்வரை எனக்கும் உறைக்கவில்லை.

கண்டுபிடித்தவர் அச்சகத்தில் ஃபாரம் மடிக்கிற பைண்டர். கடலூர்ப் பக்கத்துக்காரர். மடித்துக்கொண்டே படிக்கிற பழக்கம்.

"சார், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? எங்க ஊருல சூரியன் கடல்லேருந்துதான் வரும். வுழறது பின்னால, சவுக்குத் தோப்புக்குள்ள."

நாவலாசிரியர் முகத்தில் முதல்முறையாகப் புயல் சின்னம். "அப்ப ஊரைக் கேரளாப் பக்கம் மாத்திடலாமாண்ணே?"

"மாத்தலாம் சார். ஆனா மூணாவது அத்தியாயத்துல அந்தப் பொண்ணு கடல்ல சூரியோதயம் பாத்துட்டுல்ல அழுவுது?"

"ரெண்டும் வேணும்னா?"

"கன்னியாகுமரி போவணும்."

"அங்க கூட்டம். ஒரு கையைப் புடிக்க முடியாது."

மேஜையைச் சுற்றிக் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு பைண்டரே இரக்கப்பட்டு வழி சொன்னார். "சூரியனை வுட்டுடுங்க சார். பௌர்ணமி அன்னிக்கு இந்தாண்ட அது வுழுற நேரத்துக்கு அந்தாண்ட கடல்லேருந்து நெலா வரும். தாம்பாளம் கணக்கா, செவசெவன்னு. அதப் பாத்துட்டா கதை என்னாத்துக்கு?"

நாவலாசிரியர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நாவலில் சூரியனே இல்லை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் நிலா. பத்து நாளில் நடந்து முடிகிற கதையில் மூன்று பௌர்ணமி. மூன்று நிலாவும் சரியாக மாலை ஆறு மணிக்குக் கடலிலிருந்து எழுந்து வந்தன.

பைண்டர் பெருமூச்சு விட்டார். "மறுநாளே முக்கா மணி, ஒரு மணி தள்ளித்தான் வரும் சார். பதினஞ்சாம் நாளு வரவே வராது."

"அண்ணே, அமாவாசையில் எப்படிண்ணே காதல் பண்றது?"

"நாங்க பண்ணலையா?" என்றார் பைண்டர், ஃபாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

போன மாதம் புதிய நாவல் வந்தது. கடைசிப் பக்கத்தில் பழையபடி சூரியன் வங்கக்கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. நிலா கட்டுப்படியாகவில்லையாம். வாசகிகளுக்குப் பழைய முடிவுதான் வேண்டுமாம். நான் சிவப்புப் பேனாவைத் திறந்தேன். பைண்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "வுட்டுடுங்க சார்" என்றார்.

"நீங்கதானேண்ணே தப்புன்னு சொன்னீங்க?"

"தப்புதான். ஆனா எங்கூட்டுல அது ஒண்ணு வுடாமப் படிக்குது." ஒரு ஃபாரத்தை மடித்து, எலும்பால் அழுத்தித் தேய்த்தார். "கரையிலயே பொறந்தது சார். அப்பன், அண்ணன், எல்லாம் கடலுக்குப் போனவங்க. இருவது வருசமா ஊருக்குப் போலாம் வான்னா, கவிச்சி, வெயிலு, நான் வல்லேங்கும். இப்ப வெண்சங்குப்பட்டினத்துக்கு எந்த பஸ்ஸுல போவணும்னு கேட்டுக்கினே இருக்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"லீவு கெடைக்கட்டும், போலாம்னேன்."

நான் பேனாவை மூடினேன். சூரியன் கிழக்கே விழட்டும்.