கரண்ட் வருதா, பெட்ரோல் வருதா?

புதுக் கார்களிடம் எனக்குப் பிடிக்காத குணம் அவற்றின் மௌனம். உடம்புக்கு என்ன என்று வாய் திறந்து சொல்லாது. மீட்டருக்குப் பக்கத்தில் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்றை எரியவிட்டு, மற்றதைக் கம்ப்யூட்டரிடம் கேட்டுக்கொள் என்று கம்மென்று இருந்துவிடும். கம்ப்யூட்டரோ ‘பி’ என்று ஆரம்பிக்கும் ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணுக்கு அர்த்தம் சொல்கிறவர் கையோடு இன்னொரு எண்ணையும் சொல்வார். அது ரூபாயில் இருக்கும்.

பழைய கார் கூட்டுக்குடும்பத்து அத்தையைப் போல. மனசுக்குள் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. இருமும், புகையும், ஒழுகும், தெருவுக்கே கேட்கிற மாதிரி புலம்பும். காது கொடுத்துக் கேட்டால் போதும், வியாதி என்னவென்று அதுவே சொல்லிவிடும்.

என்னிடம் இருப்பது 1984 மாடல் பிரீமியர் பத்மினி. இத்தாலியின் ஃபியட் 1100 வண்டியைப் பம்பாயில் செய்யத் தொடங்கி, 1960களில் வந்த உருவத்தை அதிகம் மாற்றாமல் அந்த நூற்றாண்டு முடியும்வரை விற்றார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே கியர், நாலு சிலிண்டர், 1089 சி.சி. பத்மினி என்பது சித்தூர் ராணியின் பெயர். என் மாமியார் இதை ஒத்துக்கொள்வதில்லை. நாட்டியப் பேரொளியின் பெயரை வைத்த வண்டி கொஞ்சம் ஆடத்தான் செய்யும் என்பது அவர் கட்சி.

வீட்டு வாசலில் பழைய காரை ரிப்பேர் பார்க்க நினைப்பவர் ஸ்பேனர் செட் வாங்கும் முன்பு தெரு ஜனங்களைச் சமாளிக்கப் பழக வேண்டும். நங்கநல்லூரில் எங்கள் தெருவில் பானெட்டைத் தூக்கினால் கல்யாணப் பந்தலில் மேளம் கேட்ட மாதிரி ஆட்கள் வந்துவிடுவார்கள். முதலில் வருபவர் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இஞ்சினை எட்டிப்பார்த்து, “பேட்டரியா இருக்கும்” என்பார். செல்ஃப் ஜம்மென்று சுற்றினாலும் பேட்டரிதான். டயர் பஞ்சர் ஆனாலும் பேட்டரியைச் சொல்லக்கூடியவர். அடுத்தது மாடிவீட்டுப் பையன். “ஈ.சி.யூ.வை ரீசெட் பண்ணிப் பாருங்க அங்கிள்” என்பான். இந்த வண்டியில் இருக்கும் ஒரே எலக்ட்ரானிக் சாமான் என் சட்டைப்பையில் உள்ள போன்.

விஷயம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். ஒரு காலத்தில் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். பெட்டியைக் கீழே வைக்காமல், இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார்: “சார், கரண்ட் வருதா, பெட்ரோல் வருதா?”

பெட்ரோல் இஞ்சின் வைத்தியம் மொத்தமும் இந்த இரண்டு கேள்விக்குள் அடக்கம். செல்ஃப் சுற்றுகிறது, வண்டி எடுக்கவில்லை என்றால், ஒன்று பிளக்கில் தீப்பொறி இல்லை, அல்லது சிலிண்டருக்குப் பெட்ரோல் போகவில்லை. இரண்டும் சரியாக இருந்து, டைமிங்கும் சரியாக இருந்தால் அது கிளம்பியே தீரவேண்டும். அதற்கு வேறு வழியில்லை.

கரண்ட்டைப் பார்ப்பது சுலபம். பிளக்கைக் கழற்றி, வயரோடு சேர்த்து இஞ்சின் இரும்பில் படும்படி வைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னால் நீல நிறத்தில் பொறி பறக்க வேண்டும். பிளக்கைக் கையால் பிடிக்கக்கூடாது. பேட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக்கி அனுப்புகிறது. “12 வோல்ட்தானே, என்ன செய்யும்” என்று வங்கி மேலாளர் ஒருமுறை தானே முன்வந்து பிடித்தார். கரண்ட் வருகிறது என்பது சந்தேகமில்லாமல் நிரூபணமானது.

பொறி மங்கலாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்ட்டைப் பார்க்க வேண்டும். திறந்து திறந்து மூடும் சின்ன உலோக முனைகள். கரி பிடித்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் போதும். தேய்த்த வேகத்தில் மறுபடி கருகினால் கண்டன்சர் போய்விட்டது என்று அர்த்தம். முனைகள் முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கவேண்டும். அதை அளக்க ஃபீலர் கேஜ் என்று ஒன்று உண்டு. இல்லாதவர்கள் சவர பிளேடு நாலைச் சேர்த்துப் பிடிக்கலாம். ஒரு பிளேடு 0.1 மில்லிமீட்டர் கனம். நான் தாடி வைத்திருப்பதற்குக் காரணம் என்ன என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

பெட்ரோல் சமாசாரம் கொஞ்சம் நாடகம். பத்மினியின் பெட்ரோல் பம்ப், இஞ்சினின் விலாவில் ஒட்டிக்கொண்டு அதன் சூட்டையெல்லாம் வாங்கிக்கொள்ளும். கத்திரி வெயிலில் கிண்டியில் நாலு சிக்னல் நின்றால் போதும், குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகிவிடும். திரவத்தைத் தள்ளப் பிறந்த பம்ப், ஆவியைத் தள்ளத் தெரியாமல் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். வண்டி இரண்டு விக்கல் விக்கி நடுரோட்டில் நிற்கும். இதற்கு இந்தியா முழுவதும் ஒரே மருந்து: பம்பின் தலையில் ஈரத்துணி. பத்து நிமிஷத்தில் ஜுரம் இறங்கிவிடும். துணி யாருடையது என்பதில்தான் சிக்கல். “ஏங்க, அடுப்படித் துணியைக் காணோம்” என்று என் மனைவி கேட்கும்போது அது மீனம்பாக்கம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்.

வெயில் இல்லாத நாளிலும் பெட்ரோல் வரவில்லை என்றால் பம்புக்குள் இருக்கும் ரப்பர் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால் சந்தேகமே வேண்டாம், கிழிசல் வழியாக இஞ்சின் ஆயிலில் கலந்துகொண்டிருக்கிறது. வண்டியை ஓட்டாமல் டயஃப்ரமையும் ஆயிலையும் மாற்றுங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அந்தக் கால ரப்பருக்கு எத்தனால் ஒத்துக்கொள்வதில்லை. டியூபுகளை எத்தனால் தாங்கும் ரகமாகப் பார்த்து மாற்றிவிடுவது உத்தமம்.

சைலன்சர் புகையைப் படிப்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். சோக்கை இழுத்துவிட்டு மறந்துபோனீர்களா என்று முதலில் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, பர்ஸும் எரியப்போகிறது. வெள்ளைப் புகை காலையில் கொஞ்சம் வந்தால் பரவாயில்லை. நாள் முழுதும் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்து, ஆயில் மூடிக்கு அடியில் பால் காப்பி நிறத்தில் கூழ் படிந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சூடாகும் வண்டிக்கு நம் ஊரில் நடக்கும் வைத்தியம் தனிப் புராணம். தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு. இஞ்சின் 80 டிகிரி அளவுக்குச் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீரை அனுப்பும். எந்த மெக்கானிக்கிடம் போனாலும் அதைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு, “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?” என்பார். இஞ்சின் அதன் பிறகு உரிய சூட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். நான் புதிதாக வாங்கி மாட்டுவேன், அவர் கழற்றுவார். இந்த விஷயத்தில் எங்களுக்குள் சமரசமே கிடையாது, நியாயம் என் பக்கம்தான்.

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடுகிறார்கள். உண்மையிலேயே கேட்கும். தூள் தண்ணீரோடு போய்ச் சின்ன ஓட்டையில் அடைந்துகொள்ளும். அடுத்த ஊர் வரை தாங்கும். அதையே சிகிச்சையாக வைத்துக்கொண்டால் ஓட்டையோடு குழாய்களும் அடைத்துக்கொள்ளும். நான் அஞ்சறைப்பெட்டியோடு வாசலுக்குப் போனதைப் பார்த்து மாமியார், “பெருங்காயம் வேண்டாமா மாப்பிள்ளை?” என்று கேட்டார். கேலியா, அக்கறையா என்று இன்றுவரை தெரியவில்லை. டாங்க்கில் ஒழுகினால் துணி சோப்பை அழுத்தித் தேய்ப்பது இன்னொரு வழி. சோப்பு பெட்ரோலில் கரையாது என்பதால் இதுவும் பணிமனை வரை தாங்கும்.

பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வயரைக் கழற்றி வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து மாட்டி, மேலே வாசலைன் தடவுங்கள். செல்ஃப் அடித்தால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு நின்றுபோகும் வண்டிகளில் பல இதிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும். எதிர்வீட்டுக்காரர் வாழ்க்கையில் சரியாகச் சொல்லக்கூடிய ஒரே சந்தர்ப்பம் இது. அன்றைக்குப் பார்த்து அவர் ஊரில் இருக்க மாட்டார்.

சாமான் வாங்குவது பற்றிச் சொல்லாமல் விட முடியாது. புதுசு என்றால் ஜி.பி. ரோடு, பழசு என்றால் புதுப்பேட்டை. உரித்த வண்டிகளின் கதவு, கண்ணாடி, கியர்பாக்ஸ் எல்லாம் குவிந்திருக்கும் அந்தச் சந்துகளில் நடக்கும்போது எனக்கு வரும் உற்சாகம் வேறு எந்தக் கடைவீதியிலும் வருவதில்லை. பத்மினி கார்புரேட்டர் இருக்கா பாய் என்று கேட்டால் கடைக்காரர் தலையை நிமிர்த்தாமல், “எந்த வருஷம்?” என்பார். சொன்னதும், இரும்பு மலைக்குள் கையை விட்டுச் சரியானதை எடுத்துவிடுவார். பிறகு விலை. “இது ஒரிஜினல் சார், இனிமே கம்பெனியே நினைச்சாலும் செய்ய முடியாது.” இதற்குப் பதில் பேச முடியாது, ஏனென்றால் அது உண்மை.

வாசலில் செய்யக்கூடாதவையும் உண்டு. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் வெந்நீர் முகத்தில் பீறிடும். பிரேக் பெடல் தரை வரை போகிறதென்றால் சுயவைத்தியம் வேண்டாம். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள், ஸ்டாண்டு வைத்துவிட்டுப் போங்கள். மற்ற எல்லாவற்றிலும் தைரியமாகக் கை வைக்கலாம்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். உங்கள் தாத்தா வீட்டுப் பரணிலோ ஷெட்டிலோ 1984 பத்மினியின் இடதுபக்க டெயில் லாம்ப் கண்ணாடி கிடந்தால், தயவுசெய்து பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள். நான் நல்ல விலை தருகிறேன். பேரீச்சம்பழமும் தருகிறேன்.