ஏற்றத்துக்கு எந்த எண்?

கேள்வி: ஹந்தானையிலிருந்து தினமும் கண்டி டவுனுக்கு வேலைக்குப் போய்வர வேண்டும். 100 சீசீ மோட்டார் சைக்கிள் ஏற்றத்தில் இழுக்குமா? விளம்பரத் தாள் முழுக்க எண்கள். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: தாராளமாக இழுக்கும், தம்பி. குதிரை வலுவை மட்டும் பார்த்து மயங்காதீர்கள்; ஏற்றத்துக்கு முறுக்குவிசையையும் (டோர்க்), அது எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்பதையும் பாருங்கள். 99.27 சீசீ பஜாஜ் சீடி 100இன் உச்ச முறுக்குவிசை 8.05 நியூட்டன் மீட்டர். 97.2 சீசீ ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ்ஸுக்கும் அதே 8.05 தான். பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்! ஆனால் முதலாமவன் சீடி 100 அதை நிமிடத்துக்கு 4500 சுற்றிலேயே தந்துவிடுவான்; மற்றவனுக்கு 6000 சுற்று வேண்டும். ஏற்றத்தில் வேகம் விழ, என்ஜினின் சுற்றும் விழும். அந்த நேரம் கைகொடுப்பவன்தானே உறவு? சமதரையான கொழும்பில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கண்டியில், பின்னால் ஒருவரும் மடியில் மரக்கறிப் பையும் இருந்தால், முதல் வளைவிலேயே தெரியும்.

சிறிய என்ஜினை இளக்காரமாக நினைக்கவும் வேண்டாம். 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல்தான். அந்த 4 லீற்றரில் ஒரு வாரத்தை ஓட்டிக் காட்டியவை இந்தச் சின்ன வண்டிகளே.

தாளில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன். இறங்கும்போது பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடாதீர்கள். அப்போது வேகத்தை அடக்குவது பிரேக் மட்டுமே; டிரம் பிரேக் சூடேறினால் பிடிப்பு குறையும். இரண்டாம் கியரில், என்ஜினே வண்டியைப் பிடிக்க, மெதுவாக இறங்குங்கள். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மட் வாங்கிவிடுங்கள்.